ஏரிக்குப் போடு

கார்த்திகை மாதம், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தோணிரேவு மகளிர் இறால் குழு ஆபீசில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் வருமாறு: மீஞ்சூர் ஆபீஸ் மேனேஜர் உதயகுமார், கைவைத்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. குழுச் செயலாளர் கஸ்தூரி, போன் மேசைக்குப் பின்னால் ஸ்டூலில். அவளுடைய மாமியாரும் குழுத் தலைவியுமான எல்லம்மா, கவிழ்த்துப்போட்ட ஐஸ் பெட்டியின் மேல், துணி சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. எல்லம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி எதிர்ச்சுவரோரம் தரையில் ஜமுனா. ஜமுனாவுக்குப் பக்கத்தில் மஞ்சு, அவளை ஒட்டி மற்ற எட்டுப் பெண்கள், எல்லாரும் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்தியிருந்தார்கள். வாடைக்காற்று கதவு வழியாக நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. வாசற்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகக் கஸ்தூரியின் புருஷன் வேணு. அவன் கையில் அவன் ஓட்டும் கம்பெனி வண்டியின் சாவி.

மேசை மேல் போன். எட்டு நாளாக மணி அடிக்காத போன்.

அந்தப் போன் நடந்துகொண்டிருந்த முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பன்னிரண்டு பெண்களும் பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைக் கம்பெனி வாங்கி, மீஞ்சூரில் ஐஸ் போட்டு, சென்னை ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் அனுப்புகிறது. ஆக ஆபீஸ் இரண்டு. மீஞ்சூரில் போன் எடுப்பவள் எப்சிபா, ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவள். தோணிரேவில், அதாவது ஏரி ஆபீசில், எடுப்பவள் கஸ்தூரி. வண்டி, பில், ஐஸ் என்றால் மீஞ்சூர் பதில் சொல்லும். தண்ணீர் விஷயம் என்றால், அதாவது இறால் உண்டா, எவ்வளவு, என்றைக்கு என்றால், ஏரி பதில் சொல்லும். யாராவது மீஞ்சூருக்குப் போட்டு இறால் கேட்டால் எப்சிபா, "லைன்லயே இருங்க சார், ஏரிக்குப் போடுறேன்" என்பாள். ஏரிக்குப் போட்டு வண்டி எங்கே என்று கேட்டால் கஸ்தூரி மீஞ்சூருக்குப் போடுவாள். ஆறு வருஷமாக இப்படித்தான். நடுவில் கிடைக்கும் அரை நிமிஷத்தில், வாடிக்கையாளர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, இன்றைக்கு என்ன குழம்பு என்று எப்சிபா கேட்பாள், வாளைக் கருவாடு என்று கஸ்தூரி சொல்வாள், பிறகு இரண்டு பேரும் குரலை மாற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

ஏரி ஆபீஸ் நம்பர் கம்பெனி பேரில் இல்லை. குழு தொடங்கிய வருஷம் பன்னிரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய இணைப்பு அது. ஐஸ் பெட்டிகளின் மூடியில் பச்சைப் பெயிண்டால் அந்த நம்பர்தான் எழுதியிருக்கும்.

கஸ்தூரி பொன்னேரியில் பன்னிரண்டு வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காக அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆனால் போனில் அவள் சொல்லும் பதிலுக்குக் கையெழுத்து உதவாது. காலை ஆறு மணிக்குக் கரைக்குப் போவாள். தண்ணீர் எந்த நிறத்தில் கிடக்கிறது, காற்று எந்தப் பக்கம், வலைக்காரர்கள் முறை வைத்து வலை போடுவது இன்று எந்தப் பக்கத்தில் என்று பார்ப்பாள். எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல், எவள் கை விரலில் வெட்டு என்றும் கேட்டுக்கொள்வாள். பெண்கள் ஏரிக்குள் ஒரே வரிசையாக இறங்குவார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, முழங்கால் போட்டு, கழுத்து வரை முங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியின் கயிறு பல்லில் இருக்கும். ஒருத்தி கைக்கு விஷ முள்ளுள்ள கெளுத்தி மீன் தட்டுப்பட்டால் பறியைத் துப்பிவிட்டுக் கத்துவாள், வரிசை முழுக்க நின்றுவிடும். அதனால்தான் வரிசை. தனியாக யாரும் இறங்குவதில்லை. தண்ணீர் கலங்கி, குளிர் எலும்புக்குள் போகும் நாட்களில் வரிசையும் இறங்குவதில்லை. அந்த நாட்களில் கஸ்தூரி போனை எடுத்து, "இன்னிக்கி இல்ல சார்" என்பாள். ஆறு வருஷத்தில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

போன வாரம் புதன்கிழமை உதயகுமார் வந்தார். நல்ல மனுஷர்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், எல்லம்மா கொடுத்த நண்டு ரசத்தை இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். ஒரு போன் இரண்டு ஆபீஸ் சுற்றுகிறது, வாடிக்கையாளருக்குப் பொறுமை இல்லை, பாதியில் வைத்துவிடுகிறார்கள் என்று கணக்காக எடுத்துச் சொன்னார். ஒரு வாரம் சோதனை பார்க்கலாம், எல்லா அழைப்பும் மீஞ்சூருக்கே வரட்டும் என்றார். சொல்லிக்கொண்டே போனைத் தன் பக்கம் திருப்பி, ஸ்டார் போட்டு, சில எண் போட்டு, ஹேஷ் போட்டார். அவ்வளவுதான். அவர் போன பிறகு கஸ்தூரி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். உயிர் இருந்தது, ஊ என்று சத்தம் வந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஜமுனாவின் மாமனார் முனியன் தவறிப்போனார். கஸ்தூரிக்கும் எல்லம்மாவுக்கும் மூன்றாவது வீடு அவருடையது.

இந்தக் குப்பத்தில் பிணம் வீட்டில் கிடக்கிறவரை யாரும் ஏரியில் கால் நனைக்க மாட்டார்கள். அடக்கம் முடிந்து, போய்வந்தவர்கள் குளிக்க இறங்குவதுதான் முதல் கால். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் தெரியாத வாடிக்கையாளரும் இல்லை, கஸ்தூரி போனில், "ஊர்ல ஒரு சாவு சார், நாளன்னிக்கி கேளுங்க" என்றால் அவர்களும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு வைப்பார்கள். அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்ல ஆள் இல்லை. மீஞ்சூரில் உதயகுமார் தாமே போனை எடுத்து, சென்னையில் ஏதோ வீட்டு விசேஷத்துக்கு முப்பது கிலோ ஒத்துக்கொண்டார். எப்சிபா தன் சொந்த போனிலிருந்து கஸ்தூரியின் செல்போனில் கூப்பிட்டுக் கிசுகிசுத்தாள்: "அக்கா, முப்பது கிலோன்னு சொல்லிட்டாருக்கா. நான் ஏரிய கேக்கணும் சார்னேன். கேக்கறதுலாம் இனிமே இல்லன்றாரு."

கஸ்தூரி அப்போது சாவு வீட்டுப் பின்கட்டில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். இங்கே இன்று யாரும் இறங்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பானைக்குத் திரும்பினாள். அவள் செய்த தப்பு அது. வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு வேணு வண்டியும் ஐஸுமாக வந்து நின்றான். வண்டி காலியாகத் திரும்பினால் நாளையிலிருந்து வேறு டிரைவர் என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லம்மா கூழ் டம்ளரோடு வெளியே வந்தவள் மகனைப் பார்த்தாள், பின்னால் இருந்த காலிப் பெட்டிகளைப் பார்த்தாள். என்ன ஏது என்று நாலு வார்த்தையில் தெரிந்துகொண்டாள். கூழை அவன் கையில் கொடுத்துவிட்டு, பறியை எடுத்துக்கொண்டு, வீடுகளின் பின்பக்கமாகவே நடந்து கால்வாய் ஏரியில் சேரும் முகத்தண்டை தனியாக இறங்கினாள்.

இரண்டு மணி நேரத்தில் ஆறு கிலோ. ஏழாவது கிலோவுக்குச் சேற்றைத் தடவியபோது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கத்துவதற்கு வரிசை இல்லை. பறியைப் பல்லில் கடித்தபடியே கரையேறினாள். கண் இருட்டியதால் பின்பக்க வழியை விட்டுவிட்டு நேர் தெருவில் வந்துவிட்டாள். சொட்டச் சொட்ட ஈரச்சேலையோடு அவள் வந்தபோது, முனியனை வாசல் பெஞ்சில் கிடத்தி மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் ஜமுனா நின்றிருந்தாள். எல்லம்மாவின் சேலையிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டியதை அவள் பார்த்தாள். தெருவே பார்த்தது.

அந்த ஆறு கிலோவோடு வேணுவின் வண்டி மீஞ்சூர் போனது. பழவேற்காடு ஆஸ்பத்திரியில் எல்லம்மாவுக்கு ஊசி போட்டார்கள். கை வெங்காயம் போல வீங்கி, பிறகு மெதுவாக இறங்கியது. ஜமுனாவின் கோபம் இறங்கவில்லை. துக்கம் கேட்கப் போன எல்லம்மாவின் முகத்துக்கு முன்னால் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பதினைந்து வருஷம் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் தடவினவர்கள்.

வீட்டில் கஸ்தூரி சோறு பிசைந்து மாமியாருக்கு ஊட்டினாள். உப்பு இல்லை, குழம்பு நீர்த்திருக்கிறது, இவள் கையால் தின்பதற்குப் பட்டினி கிடக்கலாம் என்று எல்லம்மா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை சொல்லியபடி எல்லாவற்றையும் தின்றாள். செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான் வேணு வாயைத் திறந்தான். வியாழக்கிழமை மேனேஜர் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வருகிறார், போன் இணைப்பைக் கம்பெனி பேருக்கு மாற்றச் சம்மதம் என்று எழுதியிருக்கிறது, தலைவியும் செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

"போட்டுடு மே," என்றான். "ஒனக்கு மீஞ்சூர்லயே சீட்டு தராங்களாம். எனக்கு வண்டி இருக்கும். அம்மாக்கு வயசாவுது."

"ஒங்கம்மா அன்னிக்கி எறங்குனது யாராலன்னு ஒனக்குத் தெரியுமா?"

"என்னாலதான். அத்தான் சொல்றேன், போட்டுடு."

மறுநாள் கஸ்தூரி எப்சிபாவைக் கூப்பிட்டு, மேனேஜர் போட்டதை எடுப்பதற்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று கேட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டாள்.

இதுதான் வியாழக்கிழமைக்கு முன்னால் நடந்தது.

உதயகுமார் பாரத்தை மேசையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றி மேலே வைத்தார். சோதனை வாரத்தில் ஒரு அழைப்பும் தவறவில்லை என்றார். வருகிறவர்களுக்கு இல்லை என்ற சொல்லைச் சொல்லியே பழக்கிவிட்டோம், அதனால்தான் வியாபாரம் ஆந்திராப் பக்கம் போகிறது என்றார். குழுவை யாரும் கலைக்கப் போவதில்லை, கஸ்தூரிக்கு மீஞ்சூரில் எப்சிபா பக்கத்திலேயே நாற்காலி என்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மஞ்சு மட்டும் மெதுவாக, நாற்காலிக்குக் கை இருக்குமா சார் என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் தலைப்புக்குள் சிரித்தார்கள்.

"அங்க ஒக்காந்தா எனக்கு இன்னா சார் தெரியும்?" என்றாள் கஸ்தூரி. "எப்சிபாவுக்குத் தெரியறதுதான் தெரியும். தண்ணிய மீஞ்சூர்லேந்து பாக்க முடியாது."

"தண்ணிய பாத்து பாத்துதாம்மா எல்லாத்துக்கும் இல்லன்றீங்க. மனசு இருந்தா எறங்கலாம்." உதயகுமார் கையை எல்லம்மா பக்கம் நீட்டினார். அதில் குத்தல் இல்லை, பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். "அன்னிக்கி கூட எல்லாரும் முடியாதுன்னீங்க. எல்லம்மாக்கா எறங்கினாங்க. ஆறு கிலோ வந்துச்சா இல்லியா?"

எல்லம்மா துணி சுற்றிய கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் அப்படிக் குறுகிக் கஸ்தூரி பார்த்ததில்லை.

ஜமுனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்தபடியே, கையைத் தரையில் ஊன்றி முழு உடம்பையும் இந்தப் பக்கம் திருப்பினாள்.

"சார், அந்த ஆறு கிலோவ வித்துட்டீங்களா?"

"வித்தாச்சு."

"எங்க மாமனாரு பொணம் வாசல்ல கெடக்க சொல்ல புடிச்ச எறா சார் அது. அத்த நீங்க ஒரு விசேஷ வூட்டுக்குத் துன்னக் குடுத்துக்கிறீங்க. அவங்களுக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது." ஜமுனாவின் குரல் ஏறவில்லை. "ஆறு நாளா நான் இவ மூஞ்சியப் பாக்கல. இவ வேணும்னு எறங்குனான்னு நெனச்சிக்கினு இருந்தேன். இவ எங்க எறங்குனா? நீங்க எறக்குனீங்க. மீஞ்சூர்ல குந்திக்கினு, போனத் தூக்கி ஒரு வார்த்தை சரின்னீங்க, இங்க இவ கை வீங்கிச்சி."

"யாரும் கட்டாயப்படுத்தலம்மா."

"வண்டிய காலியா கொண்டாந்தா வேலை இல்லன்னது யாரு?" என்று வாசற்படியிலிருந்து வேணு கேட்டான். கேட்டுவிட்டு அவனே தன் குரலைக் கேட்டுத் திகைத்தவன் போலச் சாவியைப் பார்த்தான்.

கஸ்தூரி துண்டுத்தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ரிசீவரைத் தூக்கினாள். தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். என்ன செய்கிறாய் என்று உதயகுமார் கேட்டார்.

"நீங்க போட்டத எடுக்கறேன் சார். ஒரு வாரம்னீங்க. நேத்தோட ஒரு வாரம் ஆயிடிச்சி."

அதன் பிறகு கொஞ்ச நேரம் இது யாருடைய ஆபீஸ் என்று வழக்காடினார்கள். கம்பெனியின் தயவில்தான் இந்த ஆபீஸ் என்று உதயகுமார் சொன்னார். வாடகை நாங்கள் கொடுக்கிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சின் நடுவில் போன் அடித்தது. எட்டு நாளைக்குப் பிறகு அடித்ததால் மஞ்சு தூக்கிவாரிப்போட்டுப் பக்கத்திலிருந்தவள் மேல் சாய்ந்தாள். கஸ்தூரி எடுத்தாள். அண்ணா நகர் பக்கத்து மெஸ்காரர். நாளைக்குப் பதினைந்து கிலோ வேண்டும் என்றார். கஸ்தூரி கதவு வழியாக வெளியே பார்த்தாள். ஏரி காவி நிறத்தில் நுரைத்துக் கிடந்தது.

"நாளைக்கி இல்ல சார். தண்ணி கலங்கிக் கெடக்குது. ஞாயித்துக்கெழம கேளுங்க."

போன வாரம் இருக்கிறது என்றார்களே என்று அந்தப் பக்கம் எரிச்சல். அவள் மறுபடி அதையே சொன்னாள். வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

"பாத்தியாம்மா?" என்றார் உதயகுமார். "போச்சு."

"போவட்டும்," என்றாள் எல்லம்மா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை. "அவரு துன்றதுக்கு ஊரெல்லாம் எறா கீது. எனுக்கு இந்த ஒரு கையிதான் கீது."

உதயகுமார் பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். திங்கட்கிழமை பொன்னேரி டெலிபோன் ஆபீசுக்குக் கம்பெனி ஆள் போவார், பில் கட்டுவது கம்பெனி, பேரை மாற்ற இவர்கள் கையெழுத்து தேவையா என்று அங்கே பேசிக்கொள்ளலாம் என்றார். எழுந்தவர் வேணுவிடம், மீஞ்சூர் போய்ச் சேர்ந்ததும் சாவியை ஆபீசில் கொடுத்துவிடச் சொன்னார்.

"எதுக்கு சார் அவ்ளோ தூரம்?" வேணு உள்ளே வந்து சாவியை மேசை மேல் வைத்தான். "இங்கியே வாங்கிக்கோங்க."

உதயகுமாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது எல்லாருக்கும் தெரியும். அவர் செல்போனை எடுத்தார், வாசலுக்குப் போனார், கையை உயர்த்திப் பார்த்தார், படகுத்துறை வரை நடந்தும் பார்த்தார். கார்த்திகைக் காற்றில் அவர் வைத்திருக்கும் நெட்வொர்க் இங்கே எடுக்காது. திரும்பி வந்து மேசைப் போனைப் பார்த்தார்.

"வேற டிரைவர் வேணுமா சார்?" என்றாள் கஸ்தூரி. "வண்டி விஷயம் மீஞ்சூருதான். ஒக்காருங்க, போடுறேன்."

அவள் எண்களை அழுத்தினாள். அந்தப் பக்கம் எப்சிபா எடுத்து வணக்கம் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. கஸ்தூரி, ஏரியிலிருந்து பேசுகிறேன் எப்சிபா, ஒரு சாருக்கு வண்டி விஷயமாகப் பேச வேண்டும், லைனிலேயே இரு என்று வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் குரலில் சொல்லிவிட்டு ரிசீவரை அவரிடம் நீட்டினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு டிரைவர் வந்தான். அதுவரை உதயகுமார் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் எதிரிலேயே கஸ்தூரி கடிதம் எழுதத் தொடங்கினாள். பொன்னேரி டெலிபோன் ஆபீசுக்கு. அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிய வரிசை. ஒன்று, இந்த இணைப்பு எந்த வருஷம் யார் பேரில் பெறப்பட்டது என்பது. இரண்டு, பன்னிரண்டு உறுப்பினர்களின் கையெழுத்தும் நேரில் பெறப்படாமல் இதை வேறு பேருக்கு மாற்றவோ, இதற்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பவோ கூடாது என்பது. மூன்று, இந்த மாதம் முதல் பில்லைக் குழுவே கட்டும் என்பது. மூன்றாவதை எழுதுமுன் தலை தூக்கிப் பெண்களைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் தலையை ஆட்டினாள். கட்டைக் குரலில் எவளோ, ஆளுக்கு ஒரு வேளை வெற்றிலை குறையும் என்றாள். கஸ்தூரி எழுதி முடித்து உரக்கப் படித்தாள்.

"எனவே தாங்கள் தயவுகூர்ந்து..."

"நிறுத்து," என்றாள் எல்லம்மா. "தயவு எதுக்கு?"

"லெட்டருன்னா அப்டித்தான் அத்தே முடிக்கணும். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது."

"நம்ப போனு. நம்ப பேரு. நாம துட்டு கட்டப் போறோம். இதுல எவன் தயவு?"

"வெட்டு கஸ்தூரி," என்றாள் ஜமுனா. "அவ சொல்றது சரிதான்."

ஆறு நாளில் எல்லம்மாவின் பேச்சுக்கு ஜமுனா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. எல்லம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. ஐஸ் பெட்டியின் மேல் சற்று நகர்ந்து இடம் விட்டாள். ஜமுனா உடனே எழுந்து வரவில்லை. கையெழுத்துப் போட வந்தபோது அங்கேதான் உட்கார்ந்தாள்.

அடித்துத் திருத்திய கடிதத்தை அனுப்பக் கஸ்தூரிக்கு மனம் வரவில்லை. புதுத் தாளில் முழுவதையும் மறுபடி எழுதினாள். எனவே மேற்கண்டபடி நடந்துகொள்ள வேண்டும் என்று முடித்தாள். கையெழுத்துகள் வரிசையாக விழுந்தன. எல்லம்மாவின் முறை வந்தபோது மஞ்சு மைப்பெட்டியை நகர்த்தி, இடது கட்டைவிரலை வைத்துவிடலாமே என்றாள்.

"ரேகை வெச்சா நான் எழுதத் தெரியாதவன்னு நெனப்பான்," என்று எல்லம்மா பேனாவை இடது கையில் பிடித்தாள். பெயரின் நடுவிலிருந்த 'ல்ல'வை எழுத இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். பெயர் கோட்டை விட்டு இறங்கிப் பக்கத்துப் பெயரின் மேல் ஏறியது. ஆனாலும் முழுப்பெயர்.

இரண்டே முக்காலுக்குப் பழவேற்காடு தபால் ஆபீசில் போய் நின்றார்கள், கஸ்தூரியும் வேணுவும். ஷேர் ஆட்டோவில் வரும் வழியில் அவன், நாளையிலிருந்து ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றப் போகிறேன் என்று மட்டும் சொன்னான். அவள், போ என்றாள். ஜன்னலில் இருந்த பெண் கடிதத்தை எடை போட்டு, சாதாரணத் தபாலா, பதிவுத் தபாலா என்று கேட்டாள்.

"பதிவு. ஒப்புகை அட்டையோட."

"எப்ப போய்ச் சேரணும்?"

"திங்கக்கெழமைக்கி முன்னால."

இப்போது போடுவது நாளைக்கே பொன்னேரியில் கிடைக்கும் என்றாள் அந்தப் பெண். உறையின் மடிப்பு சரியாக ஒட்டவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். கஸ்தூரி ஜன்னலோரத்துப் பசைக் குப்பியை எடுத்து, மடிப்பின் ஓரம் முழுக்கத் தடவி, உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். வேணுவும் தன் கையை அவள் கை மேல் வைத்து அழுத்தினான். பசை பிடித்தது. முத்திரை இரண்டு தடவை விழுந்தது. ஜன்னலுக்கு உள்ளே பின்னால் இருந்த ஆள் கடிதத்தை வாங்கிச் சாக்கில் போட்டு, வாயைச் சுருக்கிக் கயிறு கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்தான். மூன்று மணி வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. சாக்கு வண்டியில் ஏறி, வண்டி பொன்னேரி சாலையில் திரும்புகிறவரை கஸ்தூரி ஜன்னலை விட்டு நகரவில்லை.